தனி மேசை: சபைவிலக்கின் வரலாறு நமக்குச் சொல்வது

இவ்வாரத் தியானப் பகுதி: மத்தேயு 18:15-22, 2 கொரிந்தியர் 2:5-11



நம்முடைய கிராமங்களில் ‘தள்ளிவைத்தல்’ என்றொரு சொல் உண்டு. ஊர்க் கட்டுப்பாட்டை மீறியதாகக் கருதப்பட்ட குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை நின்றுவிடும். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கடைக்காரர் சாமான் கொடுக்கமாட்டார். யாரும் அடிப்பதில்லை, யாரும் திட்டுவதுமில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் உயிரோடிருக்கும்போதே இல்லாமல் போய்விடுகிறது.

இந்தத் தண்டனை கர்த்தருடைய நாமத்தில், வேதவசனத்தின் பேரில், ஒரு சபைக்குள் நிகழும்போது அதற்கு இன்னும் ஆழமான ஒரு கொடுமை சேர்ந்துவிடுகிறது. ஊர் தள்ளிவைத்தவனுக்கு, ‘எனக்குக் கடவுள் இருக்கிறார்’ என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு. சபை தள்ளிவைத்தவனுக்கோ அந்தக் கடைசி வாசலும் அடைபட்டதாகத் தோன்றும். ஆவிக்குரிய அதிகாரத்தைக் கொண்டு ஒருவருடைய மனச்சாட்சியை ஒடுக்குவதை ‘ஆவிக்குரிய துஷ்பிரயோகம்’ என்று இக்காலத்தில் அழைக்கிறார்கள். பெயர் புதிது, காரியம் பழையது. இந்த வாரம் அதன் வரலாற்றில் ஒரு பகுதியை உங்களோடு சேர்ந்து வாசிக்க விரும்புகிறேன். கொடியவர்களின் வரலாறாக இருந்திருந்தால் நாம் எளிதாகக் கடந்துபோய்விடலாம். இது பக்தியுள்ளவர்களின் வரலாறு. ஆகவேதான் நமக்கு அவசியமானது.

பட்டயத்துக்குப் பதிலாக வந்த ஒழுங்கு

1525-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு வீட்டில் சிலர் கூடி ஜெபித்தார்கள். குருவாயிருந்த ஜார்ஜ் பிளாவ்ராக் தமக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கேட்க, கான்ராட் கிரேபல் கொடுத்தார். குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் போதாது, விசுவாசத்தை அறிக்கையிடும் வயதுவந்தவரே ஞானஸ்நானம் பெறவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. எதிராளிகள் அவர்களை ‘அனபாப்டிஸ்டுகள்’, அதாவது மறுஞானஸ்நானக்காரர், என்று அழைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், 1527 ஜனவரி 5-ஆம் தேதி, அவர்களில் ஒருவராகிய பெலிக்ஸ் மான்ஸ் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். தீர்ப்பளித்தது ஒரு சீர்திருத்த நகரம் என்பதை நாம் மறக்கலாகாது.

அதே ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி, ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் இம்மக்கள் ஏழு பிரிவுகள் கொண்ட ஓர் அறிக்கைக்கு உடன்பட்டார்கள். அதை வடித்தவராகக் கருதப்படும் மைக்கேல் சாட்லர் மூன்று மாதங்களுக்குள் எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி நீரில் மூழ்கடிக்கப்பட்டார். அந்த அறிக்கையின் இரண்டாம் பிரிவுதான் சபைவிலக்கைப் பற்றியது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டிய படிகளை அது பின்பற்றுகிறது. தவறிய சகோதரனை முதலில் தனிமையில் இருமுறை கண்டித்துணர்த்த வேண்டும். பின்னரே சபையின் முன்பாக. அதற்கும் இணங்காவிட்டால் விலக்கு. அப்பம் பிட்குமுன் இது செய்யப்படவேண்டும், ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் ஒருமனமாயிருக்கும்படியாக.

அக்காலத்தின் பின்னணியில் இதை வைத்துப் பார்க்கவேண்டும். பிழையான போதனைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அன்றைய ஐரோப்பா அறிந்த மருந்து சிறை, சித்திரவதை, தீ, தண்ணீர் என்பவைதாம். அந்த அறிக்கையின் ஆறாம் பிரிவு, பட்டயம் உலக அதிகாரத்துக்குரியது, கிறிஸ்துவின் சபைக்குள் விலக்கு ஒன்றே போதும் என்று சொல்லியது. யாருடைய இரத்தமும் சிந்தப்படாத ஓர் ஒழுங்கை, தங்கள் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். சபைவிலக்கு இவ்விதமாய் இரக்கத்தின் கருவியாகவே தொடங்கியது.

பயம் இரக்கத்தை விழுங்கியபோது

1534-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய சில அனபாப்டிஸ்டுகள் அதைப் புதிய எருசலேம் என்று அறிவித்தார்கள். பலதார மணமும் பட்டயமும் அங்கே அரசாண்டன. 1535-இல் நகரம் வீழ்ந்தது. அதன்பின் அனபாப்டிஸ்டு என்ற பெயரைக் கேட்டாலே கலகக்காரன் என்று எண்ணும் நிலை உண்டாயிற்று. சிதறிப்போன அந்த மந்தையைக் கூட்டிச் சேர்க்க, 1536-இல் தம் குருப்பட்டத்தைத் துறந்து வெளியே வந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மெனோ சைமன்ஸ். மெனோனைட் என்னும் பெயர் அவரிடமிருந்து வந்ததே. தலைக்கு விலை வைக்கப்பட்ட நிலையில், ஊர் ஊராய் மறைந்து வாழ்ந்து, கால் நூற்றாண்டுக் காலம் அவர் மேய்த்தார்.

கறைதிரையற்ற சபை வேண்டும் என்ற வாஞ்சை அவருக்குள் எரிந்தது. நாங்கள் மியூன்ஸ்டர்க்காரர் அல்ல என்று உலகுக்குக் காட்டவேண்டிய தேவையும் இருந்தது. பரிசுத்தத்தின்மேல் கொண்ட அன்போடு, பிறர் பேச்சுக்கு அஞ்சும் பயமும் கலந்துவிட்டது. இவ்விரண்டும் ஒரே பாத்திரத்தில் ஊற்றப்படும்போது எது எது என்று பிரித்தறிவது கடினம். 1541-இல் சபை ஒழுங்கைக் குறித்து மென்மையாக எழுதிய மெனோ, ஆண்டுகள் செல்லச்செல்லக் கடுமையடைந்தார்.

பிணக்கு ஒரு சிறு கேள்வியில் மையங்கொண்டது. 1 கொரிந்தியர் 5:11-இல் பவுல், துணிகரமாய்ப் பாவத்தில் வாழும் சகோதரனோடு சேர்ந்து உண்ணவும் வேண்டாம் என்கிறார். அது கர்த்தருடைய பந்தியா, அல்லது வீட்டுச் சாப்பாட்டு மேசையா? வீட்டு மேசையே என்றால், விலக்கப்பட்டவன் கணவனாயிருக்கும்போது மனைவி என்ன செய்வாள்?

அந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. 1556-ஆம் ஆண்டளவில் எம்டன் நகரில் ஸ்வான் ரட்கர்ஸ் என்ற பெண்ணின் கணவன் சபையிலிருந்து விலக்கப்பட்டான். அவனோடு இல்லறத்தையும் பந்தியையும் அவள் துறக்கவேண்டும் என்று மூப்பர் லேனார்ட் பவ்வென்ஸ் கட்டளையிட்டார். குறித்த காலத்துக்குள் கீழ்ப்படியாவிட்டால் அவளும் விலக்கப்படுவாள் என்று எச்சரித்தார். அவள் இணங்கவில்லை. அவள்மேல் வேறெந்தக் குற்றச்சாட்டும் இல்லை. கணவனை விட்டுப் பிரிய மறுத்ததே குற்றம். அந்த ஆண்டு நவம்பரில் மெனோ எம்டன் சபைக்குக் கடிதம் எழுதி, இந்நடவடிக்கையை எதிர்த்தார். வயது முதிர்ந்த மேய்ப்பர் ஒருவர் அந்தப் பெண்ணுக்காக எழுந்து நின்ற தருணம் அது.

ஆனால் அவர் நிலைத்து நிற்கவில்லை. 1557-இல் பவ்வென்ஸையும் டிர்க் பிலிப்ஸையும் சந்தித்தபின் கடும்போக்காளரின் பக்கம் சாய்ந்தார். 1558-இல் வெளிவந்த அவருடைய நூல், மணத்துணையையும் விலக்கிவைக்கவேண்டும் என்ற கொள்கையை ஆதரித்து எழுதப்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிய தென்ஜெர்மன் சகோதரர்கள் இவ்வளவு கடுமை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டதும் பலிக்கவில்லை. 1561 ஜனவரியில் மெனோ இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தபோது, அவர் கூட்டிச்சேர்த்த மந்தை பிளவுண்டிருந்தது. மென்போக்குள்ள வாட்டர்லாந்து சபையாரைக் கடும்போக்காளர் ‘குப்பை வண்டி’ என்று இகழ்ந்தார்கள். மற்றவர் வீசியெறிந்தவரையெல்லாம் ஏற்றிக்கொள்கிறார்களாம்! பிரியமானவர்களே, அந்த ஏச்சை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். சக்கேயுவின் வீட்டில் தங்கின நம் ஆண்டவரையும் இதே வார்த்தையால் ஏசியிருக்கலாம் அல்லவா?

முழங்காலில் நின்ற இரு சபைகள்

விலக்கு என்னும் ஆயுதம் ஒருமுறை கைக்கு வந்தபின் அது ஒரே திசையில் வீசப்படுவதில்லை. 1566-67-இல் பிரீசியர், பிளெமிஷ் என்ற இரு பிரிவாருக்குள் மூண்ட சச்சரவில் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் விலக்கினார்கள். டிர்க் பிலிப்ஸும் அதில் சிக்கி, பிரீசியரால் விலக்கப்பட்டவராகவே 1568-இல் மரித்தார். பிறரை விலக்கும் கொள்கைக்காக வாதாடியவருக்கு அதே கொள்கை திரும்பி வந்தது.

ஹார்லிங்கன் நகரில் 1567 பிப்ரவரியில் நடந்த ஒப்புரவுக் கூட்டத்தைக் குறித்து வரலாற்று நூல்கள் ஒரு சம்பவத்தைச் சொல்லுகின்றன. பிரீசியர் முழங்காற்படியிட்டுத் தங்கள் தவறை அறிக்கையிட்டு எழுந்தார்கள். பிளெமிஷ் சபையாரும் அவ்வாறே முழங்காற்படியிட்டார்கள். அவர்கள் எழ முற்பட்டபோது, ‘உங்கள் குற்றம் பெரியது, பிரீசியர் கைகொடுத்துத் தூக்கினால்தான் நீங்கள் எழவேண்டும்’ என்ற கருத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டதாம். அந்நேரமே சமாதானம் உடைந்தது. மன்னிப்புக் கேட்கும் வேளையிலும் யார் பெரியவர் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

இதன் கசப்பை ருசித்த ஒரு தலைமுறைக்குப்பின் 1632 ஏப்ரல் 21-ஆம் தேதி டோர்ட்ரெக்ட் நகரில் 18 பிரிவுகள் கொண்ட ஒரு விசுவாச அறிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 17-ஆம் பிரிவு விலக்கப்பட்டவரோடு புழங்காதிருப்பதை வலியுறுத்தியது. ஆனாலும் ஒரு வேலியும் போட்டது: அவர் பசியாயோ தாகமாயோ நோயாயோ இருந்தால் உதவி செய்தே ஆகவேண்டும், அவரைச் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாகவே எண்ணிப் புத்திசொல்லவேண்டும், இல்லாவிட்டால் விலக்கு அவரைத் திருத்துவதற்குப் பதில் அழித்துப்போடும். 2 தெசலோனிக்கேயர் 3:15-ஐ அவர்கள் மறக்கவில்லை. ஏட்டில் எழுதப்பட்ட அந்த வேலி எல்லா இடத்திலும் நிலைத்ததா என்பதே அடுத்த பகுதி.

ஒரு களஞ்சியத்தில் நடந்தது

1693-ஆம் ஆண்டு. அல்சாஸ் பகுதியிலிருந்து யாக்கோப் அம்மான் என்ற மூப்பர் சில தோழர்களோடு சுவிட்சர்லாந்தின் எமென்டால் பள்ளத்தாக்குக்கு வந்தார். அவர் தையல் தொழில் செய்தவர். பெர்ன் அரசு அனபாப்டிஸ்டுகளைச் சிறையிலடைத்தும் நாடுகடத்தியும் துன்புறுத்திவந்த காலம். அவர்களை மறைவாக ஆதரித்து, உணவும் அடைக்கலமும் கொடுத்த அயலகத்தார் பலர் இருந்தனர். ‘உண்மை நெஞ்சினர்’ என்று அவர்களுக்குப் பெயர். மறுஞானஸ்நானம் பெறும் துணிவில்லாத இவர்கள் இரட்சிப்படைவார்களா என்பதும், விலக்கப்பட்டவரோடு வீட்டு மேசையிலும் உண்ணாதிருக்கவேண்டுமா என்பதும் அம்மான் எழுப்பிய கேள்விகள். முதலாவதற்கு ‘இல்லை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றும் அவர் உறுதியாக இருந்தார்.

எமென்டாலின் முதிய மூப்பர் ஹான்ஸ் ரைஸ்ட் மாறுபட்டார். வாய்க்குள் போகிறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்ற மத்தேயு 15:11-ஐ அவர் சுட்டிக்காட்டினார். ஆண்டவர் ஆயக்காரரோடும் பாவிகளோடும் போஜனம்பண்ணினதையும் நினைவூட்டினார். நிக்லாஸ் மோசர் என்பவருடைய களஞ்சியத்தில் ஒரு கூட்டம் குறிக்கப்பட்டது. ரைஸ்ட் வரவில்லை; அறுவடை வேலை இருக்கிறதென்று செய்தி வந்தது. அம்மான் சினந்தார். ரைஸ்டின்மேல் குற்றச்சாட்டுகளை வாசித்து, அவரை விலக்கிவிட்டதாக அங்கேயே அறிவித்தார். அங்கிருந்த மற்ற ஊழியரை ஒவ்வொருவராகக் கேட்டார். சபையாரோடு கலந்துபேசாமல் பதில் சொல்ல இயலாது என்றவர்களையும் விலக்கினார். ஒரு பெண் முழங்காற்படியிட்டு, பொறுமையாயிருக்கும்படி கண்ணீரோடு கெஞ்சினாள். பேதுரு கீகர் என்ற ஊழியர் தம் வார்த்தையையும் கேட்கும்படி அம்மானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அம்மான் கையை உதறிக்கொண்டு, யாரோடும் கைகுலுக்காமல் வெளியேறினார். கீகரே இதை எழுதிவைத்திருக்கிறார்.

மத்தேயு 18 காட்டும் படிகள் அந்தக் களஞ்சியத்தில் எங்கே போயின? குற்றஞ்சாட்டியவரே நியாயாதிபதியாயிருந்தார். தனிமையில் உணர்த்தும் முதற்படிக்கும் விலக்கும் கடைசிப் படிக்கும் நடுவே இருக்கவேண்டிய காலம் ஒரு பிற்பகலாகச் சுருங்கியது. சபையைக் கேட்கவேண்டும் என்று சொன்னதே குற்றமாயிற்று. வேதமோ சபையிடம் சொல்லும்படி கட்டளையிடுகிறது!

அம்மானுக்கு நாம் அநீதி செய்யலாகாது. 1700-ஆம் ஆண்டளவில் அவரும் அவரோடிருந்தவர்களும் தங்கள் அவசரத்தையும் கடுமையையும் ஒப்புக்கொண்டார்கள். தங்களையே விலக்குக்குட்படுத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். இப்படித் தாழ்மைப்பட்ட தலைவர்கள் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்? ஆயினும் மேசையைக் குறித்த கொள்கையை அவர் விடவில்லை, மறுதரப்பாரும் நம்பவில்லை. பிளவு நிலைத்தது. அம்மானைப் பின்பற்றினவர்களே ஆமிஷ் மக்கள். 1730-இல் அம்மானுடைய மகள் அவர் பிறந்த ஊராகிய எர்லென்பாக்கின் அரசு சபைக்கு வந்து, தன் தகப்பன் அந்நிய தேசத்தில் இறந்துவிட்டார் என்று சொல்லி, அங்கே ஞானஸ்நானம் கேட்டாள் என்று பதிவேடு கூறுகிறது. அவள் உள்ளத்தில் என்ன இருந்தது என்று பதிவேடு சொல்லவில்லை.

ஒரு தகப்பனும் ஒரு மோட்டார் வண்டியும்

18-ஆம் நூற்றாண்டில் ஆமிஷ் குடும்பங்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறின. ஐரோப்பாவில் அவர்கள் சபைகள் மெல்ல மெல்ல மெனோனைட் சபைகளோடு கலந்து மறைந்தன, அமெரிக்காவில் பெருகின. அவர்களுடைய சாந்தமும், எளிமையும், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் பழக்கமும் உலகம் வியப்பவை. பழைய விலக்கும் அங்கே இன்றுவரை உண்டு. ஞானஸ்நானம் பெற்று உடன்படிக்கை செய்தபின் அதை விட்டு விலகியவருக்கே அது பொருந்தும். விலக்கப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் சோறு உண்டு. ஆனால் தனி மேசை. அவர் கையிலிருந்து நேராக எதையும் வாங்கமாட்டார்கள். மனந்திரும்பி வந்தால் கதவு திறந்தே இருக்கும் என்பது அவர்கள் வாதம். பெரும்பாலும் அது மெய்யே.

ஆனால் மனந்திரும்புவதற்குப் பாவம் ஒன்று இருக்கவேண்டுமே! 1947-இல் ஒஹாயோ மாநிலத்தின் வெய்ன் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஓர் ஆமிஷ் தகப்பனுக்கு நோயுற்ற பெண் குழந்தை இருந்தது. அதை அடிக்கடி நகரத்து மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். குதிரை வண்டியில் போகும் தூரமல்ல. மோட்டார் வண்டியை அனுமதிக்கும் வேறொரு சபைக்கு அவர் மாறினார். பழைய சபை அவரை விலக்கியது. அயலகத்தாரும் உறவினரும் அவரோடு புழங்குவதை நிறுத்தினார்கள். விவசாயக் குடும்பத்துக்கு அயலகத்தாரின் கைகள் இல்லாமல் அறுவடை இல்லை. அவர் சபைத் தலைவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார். அவர்கள் தங்கள் வழக்கப்படி வழக்கறிஞர் வைத்து வாதாடவில்லை. நடுவர் குழு அவருக்கு 5,000 டாலர் இழப்பீடு வழங்கியது. அதனால் அயலகத்தார் நெஞ்சம் திரும்பியிருக்குமா? நீதிமன்றம் பணத்தைப் பெற்றுத்தரும். பந்தியில் இடத்தைப் பெற்றுத்தராது.

வேதம் சொல்வது என்ன?

சபை ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மந்தைக்குள் ஓநாய் நுழையும்போது கோலை எடுக்காத மேய்ப்பன் ஆடுகளை நேசிக்கிறவன் அல்ல. கொரிந்துவில் நடந்த துணிகரமான பாவத்தைப் பவுல் பொறுத்துக்கொள்ளவில்லை. பலவீனரைச் சீரழிக்கும் ஊழியக்காரனைச் சபையிலிருந்து அகற்றுவது சபையின் கடமை. துக்கமான உண்மை என்னவென்றால், பல இடங்களில் அப்படிப்பட்டவர் பீடத்தில் நிற்கிறார். அவரைப் பற்றிப் பேசியவர் வெளியே நிற்கிறார்.

மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, கொரிந்துவில் விலக்கைக் கட்டளையிட்ட அதே பவுல், இரண்டாம் நிருபத்தில், அநேகரால் உண்டான தண்டனை போதும் என்கிறார். அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனை மன்னித்து, ஆறுதல்படுத்தி, அன்பை உறுதிப்படுத்தச் சொல்லுகிறார். விலக்குவதற்கு ஒரு நிருபம் இருந்தால், திரும்ப அழைப்பதற்கும் ஒரு நிருபம் இருக்கவேண்டும். நம்மில் பலரிடம் முதலாம் நிருபம் மட்டுமே இருக்கிறது.

இரண்டாவது, ஆயக்காரனைப்போல எண்ணுவாயாக என்று ஆண்டவர் சொன்னதை எழுதிவைத்தவர் யார்? மத்தேயு, ஆயத்துறையில் உட்கார்ந்திருந்து அழைக்கப்பட்டவர். ஆயக்காரனை ஆண்டவர் எப்படி நடத்தினார் என்பது அவருக்குத் தெரியும். அவர் வீட்டிலேயே பந்தி நடந்தது. 1 கொரிந்தியர் 5:11-இல் பவுல் பயன்படுத்தும் ‘சேர்ந்து உண்ணுதல்’ என்ற கிரேக்கச் சொல் ‘சுனெஸ்தியோ’. லூக்கா 15:2-இல் பரிசேயர் இயேசுவைக் குறித்து, இவர் பாவிகளோடு சேர்ந்து உண்கிறார் என்று முறுமுறுக்கும் இடத்திலும் வருவது அதே சொல். இரண்டும் வேதமே. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால், நாம் பவுலைப் பின்பற்றவில்லை, பரிசேயரைப் பின்பற்றுகிறோம்.

மூன்றாவது, யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வையடைந்த மனிதன் சபைக்குப் புறம்பாக்கப்படுகிறான். தனக்கு நடந்ததை நடந்தபடி சொன்னதே அவன் செய்தது. அவன் பெற்றோர் பயத்தால் வாய் திறக்கவில்லை. விலக்கு குடும்பத்தையும் ஊமையாக்கும் என்பதற்கு அவர்கள் சாட்சி. அவனைப் புறம்பே தள்ளினதை இயேசு கேள்விப்பட்டார். அவனைத் தேடிக் கண்டார். அதன்பின் பத்தாம் அதிகாரத்தில் நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பேசுகிறார்.

என் கையைக் குறித்து

இவ்வளவையும் எழுதிய நான் குற்றமற்றவனாக உங்கள்முன் நிற்கவில்லை. என் ஊழியத்தின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு சிறு நகரச் சபையில் இருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆலயக் கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்டார். ஒருமுறை, இருமுறை, பிறகு சபைக்கூட்டத்தில் எல்லார் முன்பாகவும் கேட்டார். கமிட்டி கூடி, அவர் சபையின் சமாதானத்தைக் குலைக்கிறார் என்றும், எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கும்வரை அவருக்கு இராப்போஜனம் இல்லையென்றும் தீர்மானித்தது. அதை ஆராதனையில் வாசித்தது நான். அடுத்த இராப்போஜன ஞாயிறு, அவர் வழக்கம்போல முன்னே வந்து முழங்காற்படியிட்டுக் கைகளை நீட்டினார். என் கை அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போயிற்று. அவர் அருகே இருந்த மனைவி நீட்டியிருந்த கைகளை மடக்கிக்கொண்டார். அதன்பின் அவர்கள் வரவில்லை. சபையாரில் ஒருவரும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை.

பிற்காலத்தில் அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்று தெரியவந்தது. 11 ஆண்டுகள் கழித்து அவர் வீட்டைத் தேடிப்போனேன். அவர் மரித்து இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. அம்மையார் என்னை உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். நான் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: “அவங்க கடைசிவரைக்கும் இராப்போஜனம் எடுக்கல, ஐயா. வேற சபைக்குப் போவோம்னு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ‘என் சபை இதுதான்’னு சொல்லிட்டாங்க.”

அவர் என்னை மன்னித்தார் என்றே நம்புகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை நான் அப்பத்தைக் கையில் எடுக்கும்போதும் நீட்டப்பட்ட அந்த இரு கைகளை நினைக்கிறேன். நினைப்பதே தகும்.

நாம் செய்யக்கூடியவை

சூரிக் நகரின் சீர்திருத்த சபை 2004 ஜூன் மாதம் லிம்மாட் ஆற்றங்கரையில் ஒரு நினைவுக்கல்லை நாட்டி, அனபாப்டிஸ்டுகளைத் துன்புறுத்தியதற்காக வருந்தியது. நமது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அங்கம் வகிக்கும் லுத்தரன் உலக சம்மேளனம், 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட் நகரில் கூடியபோது, மெனோனைட் மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கிட்டத்தட்ட 500 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அப்படியிருக்க, நம் தெருவில் உள்ள ஒரு வீட்டுக்குப் போக நமக்குத் தாமதம் ஏன்?

உடன் ஊழியர்களே, ஒருவரை விலக்கும் தீர்மானத்தில் கையெழுத்திடுமுன் சிலவற்றை நம்மையே கேட்டுக்கொள்வோம். இவர் செய்தது பாவமா, அல்லது நமக்குப் பிடிக்காத கேள்வியா? இவரைத் தனிமையில் சந்தித்தேனா? குற்றஞ்சாட்டியவரே தீர்ப்பும் சொல்கிறாரா? இவர் திரும்பி வருவதற்கு வழி என்ன என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறோமா? இவர் வீட்டாரை யார் விசாரிப்பார்கள்?

சபையாராகிய சகோதர சகோதரிகளே, கமிட்டி தீர்மானித்துவிட்டது என்பதற்காக நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டியதில்லை. அவர்களை வழியில் கண்டால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் போய் உட்காருங்கள். எம்டன் நகரத்து ஸ்வான் ரட்கர்ஸுக்கு அப்படி எத்தனை பேர் இருந்தார்களோ, நாம் அறியோம்.

இதை வாசிக்கும் உங்களில் யாரேனும் தள்ளிவைக்கப்பட்டவராயிருந்தால், உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைப் புறம்பாக்கினவர்கள் சொன்னதே கர்த்தருடைய தீர்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். புறம்பே தள்ளப்பட்டவனைக் கேள்விப்பட்டுத் தேடிவந்தவர் இன்றும் மாறாதவர். அவரே பாளயத்துக்குப் புறம்பே பாடுபட்டவர். நீங்கள் நிற்கும் இடம் அவருக்குப் புதிதல்ல.

ஜெபம்: நல்ல மேய்ப்பரே, உமது நாமத்தைச் சொல்லி நாங்கள் அடைத்த வாசல்களை எங்களுக்குக் காண்பித்தருளும். எங்கள் கை தாண்டிச் சென்றவர்களை நினைவுக்குக் கொண்டுவாரும். அவர்களைத் தேடிப்போகும் தாழ்மையையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் தாரும். தள்ளுண்டவர்களின் அருகே நீரே அமர்ந்திரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.